கீவேர்டை நீங்களே பிடிப்பதா, கூகுளிடம் விடுவதா: சர்ச் விளம்பரத்தின் மூன்று வழிகள்

சர்ச் விளம்பரம், அதாவது தேடல் முடிவுகளோடு வரும் விளம்பரம், போடலாம் என்று கிளம்புகிற தொழில்காரர்கள் முதலில் கேட்பது "கூகுளா, பிங்கா?" என்றுதான். அடுத்து "ஒரு கிளிக்குக்கு எவ்வளவு ஆகும்?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் போட்ட பணம் திரும்பி வருமா வராதா என்பது பெரும்பாலும் வேறோர் இடத்தில் முடிவாகிவிடுகிறது. உங்கள் விளம்பரம் எந்தத் தேடலுக்கு வர வேண்டும், அந்தக் கிளிக்குக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதை யார் தீர்மானிப்பது? நீங்களா, இயந்திரமா? இதற்கு இப்போது மூன்று பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கீவேர்டை (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொல்லை) இறுக்கிப் பிடித்து, ஒரு கிளிக்குக்குக் கொடுக்கத் தயாரான ஏலத்தொகைக்கும் நாமே உச்சவரம்பு வைப்பது ஒன்று. கீவேர்டோடு தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் காட்டும் பிராட் மேட்ச் போட்டு, ஏலத்தைக் கூகுளே தொகை வைக்கும் ஸ்மார்ட் பிட்டிங்கிடம் விடுவது இன்னொன்று. எல்லாவற்றையும் கூகுளிடம் ஒப்படைத்துவிடும் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்ற விளம்பர வகை மூன்றாவது.

மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே ஏலம், அதனால் அதை முதலில் பார்த்துவிடலாம். கிளிக்குக்கு மட்டும் காசு, அதிகம் கேட்பவருக்கு மேலிடம் என்ற முறையை 1998-இல் கோடூ டாட் காம் என்ற தேடுபொறி கொண்டுவந்தது. கூகுள் 2002-இல் அதே முறைக்கு வந்தபோது ஒரு திருத்தம் செய்தது: ஏலத்தொகையோடு, மக்கள் அந்த விளம்பரத்தை எவ்வளவு கிளிக் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்தே இடத்தை முடிவு செய்தது. இன்றும் அடிப்படை அதுதான். தேடலுக்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது, கிளிக் வாங்கும் வாய்ப்பு எவ்வளவு, போய்ச் சேரும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் மேலே கீழே வைக்கிறார்கள். அதனால் பெரிய பட்ஜெட்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காகவே பயந்து ஒதுங்க வேண்டியதில்லை, தேடியவர் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும் விளம்பரம் குறைந்த தொகையிலும் அவருக்கு மேலே ஏற முடியும். நீங்கள் சொன்ன உச்சத் தொகையை முழுதாக எடுப்பதும் இல்லை, அந்த இடத்தைப் பிடிக்கத் தேவையான அளவுதான் எடுப்பார்கள்.

எந்த வழிக்குப் போவதற்கு முன்பும் ஒரு கணக்கைத் தாளில் போட்டுவிடுங்கள். லேப்டாப் பழுது பார்க்கும் தொழில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேலை முடித்தால் செலவு போகக் கையில் நிற்பது 1,000, எந்த நாணயமாக இருந்தாலும் சரி. 100 பேர் கிளிக் செய்து வந்தால் 20 பேர் போன் செய்கிறார்கள், அதில் 5 பேர் வேலை கொடுக்கிறார்கள். 5 வேலைக்கு 5,000, அதை 100 கிளிக்கால் வகுத்தால் 50. ஒரு கிளிக்குக்கு 50 கொடுத்தால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, 25-க்கு வாங்கினால் பாதி உங்களுக்கு. "என் துறையில் கிளிக் விலை அதிகமா?" என்பதற்கு இந்த எண் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது, ஏஜென்சியாலும் முடியாது.

இறுக்கிப் பிடிக்கும் வழி

கீவேர்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் எக்ஸாக்ட் மேட்ச் (மிக இறுக்கமானது), மேற்கோள் குறிக்குள் போட்டால் ஃப்ரேஸ் மேட்ச் (கீவேர்டின் பொருள் அடங்கிய தேடல்கள்), எதுவுமே போடாமல் டைப் செய்தால் பிராட் மேட்ச் (மிகத் தளர்வானது). புதியவர்கள் பலர் கடைசியில் சொன்னதைத் தேர்ந்தெடுப்பதே இல்லை, குறி போட வேண்டும் என்று தெரியாததால் அதில் போய் விழுகிறார்கள். அவர்கள் கணக்கைத் திறந்து, மக்கள் உண்மையில் என்ன தேடினார்கள் என்று காட்டும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைப் பாருங்கள். லேப்டாப் ரிப்பேர் என்று கீவேர்ட் கொடுத்திருப்பார்கள், காசு போன தேடல்கள் இப்படி இருக்கும்: "லேப்டாப் ஸ்கிரீன் நாமே மாற்றுவது எப்படி", "லேப்டாப் ரிப்பேர் கோர்ஸ்", "பழைய லேப்டாப் வாங்க", "லேப்டாப் சர்வீஸ் டெக்னீஷியன் வேலை", "லேப்டாப் வாரண்டி செக்". இதில் ஒருவர்கூட உங்களுக்கு வேலை கொடுக்க வரவில்லை. ஒருவர் படிக்க வருகிறார், ஒருவர் வேலை தேடி வருகிறார், ஒருவர் தானே செய்துகொள்ளப் பார்க்கிறார். ஐந்து பேருக்கும் நீங்கள் காசு கொடுத்தாகிவிட்டது.

எக்ஸாக்ட், ஃப்ரேஸ் மட்டும் வைக்கும் இறுக்கமான வழியில் இந்தக் கசிவு குறையும், நிற்காது. எக்ஸாக்ட் என்று பெயர் இருந்தாலும் அது இப்போது எழுத்துக்கு எழுத்து பொருந்துவதைக் குறிப்பதில்லை. 2018-க்குப் பிறகு அதே பொருள் தரும் வேறு தேடலுக்கும் விளம்பரம் வரும். அதனால் நெகட்டிவ் கீவேர்ட் பட்டியல், அதாவது எந்தச் சொல் வந்தால் விளம்பரம் வரக்கூடாது என்ற பட்டியல், இல்லாமல் இந்த வழி ஓடாது. கோர்ஸ், வேலை, இலவசம், எப்படி, செகண்ட் ஹேண்ட் போன்றவற்றை விளம்பரம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரணக் கீவேர்ட் ஒத்த பொருளுள்ள சொற்களையும் தானாக இழுத்துக்கொள்ளும், நெகட்டிவ் அப்படிச் செய்யாது. "கோர்ஸ்" என்று தடுத்தால் "டிரெய்னிங்", "கிளாஸ்" இரண்டும் திறந்தேதான் கிடக்கும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட வேண்டும். ரிப்போர்ட்டிலும் எல்லாத் தேடலும் தெரியாது. போதிய பேர் தேடாத சொற்களை 2020-இலிருந்து கூகுள் மறைத்துவிடுகிறது, செலவின் ஒரு பகுதி எங்கே போனது என்று பார்க்கவே முடியாது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிற பகுதியையாவது முதல் மாதத்தில் வாரம் இரண்டு முறை பார்க்கச் சொல்கிறேன்.

ஏலத்துக்கு மேனுவல் சிபிசி (கிளிக் தொகையை நாமே வைப்பது) வைக்கலாம், அல்லது மேக்சிமைஸ் கிளிக்ஸ் (பட்ஜெட்டுக்குள் அதிகக் கிளிக் வாங்கக் கூகுளே தொகை வைப்பது) வைத்து அதற்கு உச்சவரம்பு போடலாம். வரம்பு போடாத மேக்சிமைஸ் கிளிக்ஸ் இந்த வழியில் சேராது. இதன் குறை வெளிப்படையானது: நேரம் தின்னும். மக்கள் நீங்கள் நினைத்தே பார்க்காத சொற்களில் தேடுவார்கள், அவர்களில் நல்ல வாடிக்கையாளர்களும் இருப்பார்கள், அவர்களை இழப்பீர்கள்.

இயந்திரத்திடம் விடும் வழி

ஸ்மார்ட் பிட்டிங்கைத் திட்டுவது இந்தத் துறையில் வழக்கமாகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடில்லை. தேடுபவர் எந்தக் கருவியில் இருக்கிறார், எந்த இடத்தில், எந்த நேரத்தில், உங்கள் தளத்துக்கு ஏற்கெனவே வந்தவரா என்பதையெல்லாம் ஒவ்வொரு ஏலத்திலும் பார்த்துத் தொகையை மாற்றுவது மனிதரால் ஆகிற காரியமில்லை. பிராட் மேட்சும் பழைய பிராட் மேட்ச் கிடையாது. கிளிக் செய்தவர் போய்ச் சேரும் லேண்டிங் பேஜில் என்ன இருக்கிறது, கீவேர்டும் விளம்பரமும் சேர்ந்த அதே ஆட் குரூப்பில் வேறென்ன கீவேர்ட் வைத்திருக்கிறீர்கள், தேடுபவர் சற்று முன் என்ன தேடினார் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. போதிய தகவல் கிடைத்த கணக்கில் இந்த இரண்டும் சேர்ந்து, நாம் யோசித்தே இருக்க முடியாத தேடல்களிலிருந்து வாடிக்கையாளர்களைக் கொண்டுவரும்.

சிக்கல் அந்தப் "போதிய தகவல்" என்பதில்தான் இருக்கிறது. மேலே போட்ட கணக்கையே எடுங்கள்: நாளுக்கு 250 பட்ஜெட், கிளிக் 25 என்றால் நாளுக்கு 10 கிளிக், மாதம் 300, அதில் வேலை கொடுப்பவர்கள் 15 பேர். விளம்பரத்தால் நமக்கு வேண்டிய செயல் நடப்பதைக் கன்வர்ஷன் என்பார்கள்; இயந்திரம் கற்றுக்கொள்ளத் துறையில் பொதுவாகச் சொல்லும் அளவு மாதம் 30 கன்வர்ஷன். 15-ஐ வைத்துக்கொண்டு அது கற்றுக்கொள்வதில் எது உண்மையான போக்கு, எது தற்செயல் என்று பிரிப்பது கஷ்டம். இதைச் சரிக்கட்ட பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கன்வர்ஷன் எண்ணிக்கையை ஏற்றுவதற்காகத் தொடர்புப் பக்கத்தைத் திறந்தாலே கன்வர்ஷன், வாட்ஸ்அப் பட்டனைத் தொட்டாலே கன்வர்ஷன் என்று வைத்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய சேதம் வேறில்லை. நீங்கள் எதைக் கன்வர்ஷன் என்று சொல்கிறீர்களோ அதையேதான் இயந்திரம் தேடிப் பிடித்துக் கொண்டுவரும். பட்டனைத் தொடுபவர்கள் வேண்டும் என்றீர்கள், தொட்டுவிட்டுப் போகிறவர்கள் கூட்டமாக வருவார்கள். போலி விண்ணப்பம் நிரப்பும் ஸ்பாம் இருந்தால் இன்னும் மோசம்: ஸ்பாம் குறைந்த செலவில் வருகிற கன்வர்ஷனாகத் தெரியும், மலிவாக இருப்பதால் இயந்திரம் பட்ஜெட்டை அந்தப் பக்கமே தள்ளும், டாஷ்போர்டில் எல்லாம் பச்சையாக மின்னும், போன் மட்டும் அடிக்காது. இதற்கு மருந்து, உண்மையில் பணம் கொடுத்த வாடிக்கையாளர் யார் என்பதை ஆஃப்லைன் கன்வர்ஷனாக (இணையத்துக்கு வெளியே நடந்த கன்வர்ஷனாக) கூகுள் கணக்கில் திருப்பி ஏற்றுவது. சிரமமான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத கணக்கில் பிராட் மேட்சைத் திறந்துவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், ஸ்மார்ட் பிட்டிங்கில் ஒன்றான மேக்சிமைஸ் கன்வர்ஷன்ஸ், ஒரு கன்வர்ஷனுக்கு இவ்வளவுதான் என்ற டார்கெட் எதுவும் வைக்காவிட்டால், கொடுத்த பட்ஜெட்டை முழுதாகச் செலவழிக்கத்தான் பார்க்கும். ஒற்றைக் கிளிக்குக்கு உங்கள் 50-ஐத் தாண்டி 200 போனாலும் அது பிழை இல்லை, நீங்கள் கொடுத்த உத்தரவு அப்படி.

பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ்

இதை 2021 நவம்பரில் எல்லா விளம்பரதாரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். படங்கள், தலைப்புகள், வீடியோ, பட்ஜெட் இவற்றைக் கொடுத்துவிட்டால் சர்ச், யூடியூப், டிஸ்ப்ளே, ஜிமெயில், மேப்ஸ், டிஸ்கவர் என்று எங்கே காட்டுவது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். பொருட்கள் பட்டியல் வைத்து ஆன்லைனில் விற்கும் கடைகளுக்கு இது நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே கன்வர்ஷன் என்பது கட்டணம் செலுத்திய ஆர்டர், அதில் பொய் சொல்ல இடமில்லை. போனையும் விண்ணப்பத்தையும் நம்பி நடக்கும் சேவைத் தொழிலுக்கு, அதுவும் முதல் விளம்பரமாக, வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. மேலே சொன்ன ஸ்பாம் சிக்கல் இங்கே பல மடங்காகும். இன்னொன்று, உங்கள் பெயரைச் சொல்லியே தேடி எப்படியும் உங்களிடம் வந்திருக்கக்கூடியவர்களையும் இது தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும், பார்த்தால் விளம்பரம் அபாரமாக வேலை செய்வதுபோல் இருக்கும். ஓட்டியே ஆக வேண்டும் என்றால், குறிப்பிட்ட பிராண்ட் பெயர்த் தேடல்களை விலக்கும் பிராண்ட் எக்ஸ்குளூஷனில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டு அப்புறம் எண்களைப் படியுங்கள்.

பிங் கேள்வி

பிங் விளம்பரங்களை நடத்தும் மைக்ரோசாஃப்ட் அட்வர்டைசிங்கை ஒதுக்க வேண்டாம், ஆனால் அதில் தொடங்கவும் வேண்டாம். உலகத் தேடலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கூகுளிடம் இருக்கிறது, பிங்கில் அளவு சிறியது. யாஹூ, டக்டக்கோ தேடல்களிலும் மைக்ரோசாஃப்ட் விளம்பரங்களே வருகின்றன, பல துறைகளில் போட்டி குறைவு, அதனால் கிளிக்கும் மலிவாகக் கிடைக்கிறது. லிங்க்ட்இன் தகவலை வைத்து எந்தத் துறை, என்ன பணி என்று பார்த்து ஏலத்தைக் கூட்டும் வசதி கூகுளில் இல்லாதது, நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கு அது பெரிய விஷயம். கூகுள் கேம்பெயினை அப்படியே இம்போர்ட் செய்ய முடியும், ஆகவே கூகுளில் நன்றாக ஓடும் ஒன்றை எடுத்துச் சென்று ஏலத்தொகையை இறக்கி வைத்தால் போதும்.

எதை எடுப்பது

பட்ஜெட் சிறிது, கணக்கு புதிது, கன்வர்ஷன் சரியாக அமைக்கவில்லை என்றால் இறுக்கமான வழியில் ஆரம்பியுங்கள். தொடங்கும்போது கூகுள் தானாக டிக் செய்து வைத்திருக்கும் சில விஷயங்களையும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். சர்ச் கேம்பெயினில் டிஸ்ப்ளே நெட்வொர்க் (மற்ற தளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டுவது) சேர்ந்தே இருக்கும், எடுத்துவிடுங்கள். கூகுளோடு சேர்ந்த பிற தேடல் தளங்களான சர்ச் பார்ட்னர்களையும் முதலில் எடுத்துவிடலாம். இடம் அமைப்பில் "அந்த இடத்தில் இருப்பவர்கள் அல்லது ஆர்வம் காட்டியவர்கள்" என்று இருக்கும், நேரில் வந்து வேலை செய்யும் தொழிலுக்கு "இருப்பவர்கள்" மட்டும் போதும். கூகுளின் பரிந்துரைகளைத் தானாகவே நடைமுறைப்படுத்தும் ஆட்டோ அப்ளை ஓடுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நீங்கள் கவனித்துக் கவனித்துக் கட்டிய கீவேர்ட் பட்டியலில் கேட்காமலே புதிது சேரும். நாள் பட்ஜெட் ஒரே நாளில் இரட்டிப்பாகச் செலவானால் பதற வேண்டாம், மாத மொத்தம் நாள் பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது.

உண்மையான கன்வர்ஷன் மாதம் 30-ஐத் தொட்டுவிட்டது, வருவது யார் என்றும் தெரிகிறது என்றால் இரண்டாவது வழிக்கு நகரலாம், ஆனால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டாம். கூகுள் ஆட்ஸிலேயே எக்ஸ்பெரிமென்ட் வசதி இருக்கிறது. ஓடுகிற கேம்பெயினைப் பாதிக்குப் பாதி பிரித்து ஒன்றில் பழைய ஏற்பாடு, மற்றதில் பிராட் மேட்சும் டார்கெட் சிபிஏவும் (ஒரு கன்வர்ஷனுக்குச் சராசரியாக இவ்வளவு என்று இலக்கு வைக்கும் ஸ்மார்ட் பிட்டிங்) வையுங்கள். டார்கெட்டை உங்கள் தற்போதைய சராசரிச் செலவை ஒட்டியே வையுங்கள், ஆசைக்குப் பாதியாக வைத்தால் ஏலத்திலேயே கலந்துகொள்ளாமல் முடங்கிவிடும். நடுவில் எதையும் மாற்றாதீர்கள், மாற்றினால் கற்றல் மறுபடி முதலிலிருந்து. முடிவைப் பார்க்கும்போது கூகுள் காட்டும் கன்வர்ஷன் எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பாதியிலிருந்தும் பணம் கொடுத்த வாடிக்கையாளர் எத்தனை பேர், ஒருவருக்கு எவ்வளவு செலவானது என்பதை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.