கார்டு தரும் பயிற்சியா, கட்டிலருகே பயிற்சியா? அவசர சிகிச்சைப் பிரிவின் தொடர்கல்வி குறித்து ஓர் ஒப்பீடு

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள நடுத்தர அளவிலான தனியார் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். மருத்துவர்கள், செவிலியர்களின் தொடர்கல்விக்கென நிர்வாகம் ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. மூன்று வழிகள் இருந்தன: ஏ.சி.எல்.எஸ். (இதயம் நின்றவரை மீட்பது), ஏ.டி.எல்.எஸ். (பெருங்காயம் பட்டவரைக் காப்பது) போன்ற, முடித்தவருக்குக் கார்டு தரும் சான்றிதழ்ப் பயிற்சிகள். மாநாடுகளும் இணையவழி ஒலிப்பதிவுகளும். எங்கள் பிரிவிலேயே, எங்கள் கட்டில்களிலேயே, எங்கள் ஆட்களை வைத்தே நடத்தும் மாக் டிரில் என்ற ஒத்திகை. பெரும்பங்கை மூன்றாவதற்கு ஒதுக்கினோம். ஆகவே இது நடுநிலையான ஒப்பீடு அன்று என்பதை வாசகர் மனத்தில் கொள்ளலாம்.

கட்டாயத் தொடர்கல்விக்கான கிரெடிட் மணிநேரக் கணக்கை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். 5 ஆண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர்கல்வியில் பங்கேற்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னெறி விதிமுறை கூறுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் அரங்குகளில் நடக்கும் தொடர்கல்வி (சி.எம்.இ.) கூட்டங்களிலேயே அது சேர்ந்துவிடும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

சான்றிதழ்ப் பயிற்சிகளின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து வயல்வெளியில், எலும்பியல் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிச் சென்ற சிறுவிமானம் விழுந்து நொறுங்கியது. மனைவி இறந்தார், பிள்ளைகள் படுகாயமடைந்தனர். அருகிலிருந்த சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் தரத்தைக் கண்டு அவர் கொண்ட கோபத்திலிருந்து பிறந்ததுதான் ஏ.டி.எல்.எஸ். 1978இல் முதல் பயிற்சி நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதைத் தன் பயிற்சியாக ஏற்றுக்கொண்டது. மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையை அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் டியூட்டி டாக்டரும் ஒரே மொழியில் பேசுவது அந்தப் பயிற்சியின் கொடை. புதிதாகச் சேரும் மருத்துவர் ஏ.சி.எல்.எஸ். முடிக்காமல், உயிருக்கு ஆபத்தான நோயாளிகளைப் பார்க்கும் ரெட் ஸோனில் தனியாக நிற்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் எங்கள் தேர்வைத் தீர்மானித்த காரணம், கற்ற திறனின் பராமரிப்பு. ஏ.சி.எல்.எஸ். கார்டு 2 ஆண்டுகளுக்குச் செல்லும், ஏ.டி.எல்.எஸ். 4 ஆண்டுகளுக்கு. கற்ற கை அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. இதயம் நின்றவருக்கு அட்ரினலின் 1 மில்லிகிராம், 3 முதல் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை என்பதை நடு இரவில் எழுப்பிக் கேட்டாலும் எல்லோரும் சொல்வார்கள், மறந்துபோவது அதுவல்ல. மார்பை 5 முதல் 6 செ.மீ. அழுத்துவதும், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தைக் காப்பதும், ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விடுவதும், டீஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) சார்ஜ் ஆகும் வரை அழுத்தத்தை நிறுத்தாமல் இருப்பதும் சில மாதங்களிலேயே தேயத் தொடங்குகின்றன. இதைச் சான்றிதழ் தருபவர்களே மறைப்பதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2018இல் வெளியிட்ட அறிக்கையொன்றில், ஒரே மூச்சில் நடத்தும் பயிற்சியைவிடச் சிறிது சிறிதாக இடைவெளி விட்டு நடத்தும் பயிற்சியையே பரிந்துரைத்தது. காலாண்டுக்கு ஒருமுறை கையைச் சோதிக்கும் தனித்திட்டம் ஒன்றும் அவர்களிடமே உண்டு.

பராமரிப்புக்கு இன்னொரு முகம் உண்டு. பணம் போடும் நிர்வாகம் கவனிக்க வேண்டியது அதைத்தான். எங்களைப் போன்ற மருத்துவமனைகளில் டியூட்டி டாக்டர்கள் மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. எழுதி இடம் கிடைத்ததும் போய்விடுகிறார்கள். நல்ல செவிலியர்கள் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வில் தேறி அரசுப் பணிக்கோ வளைகுடா நாடுகளுக்கோ செல்கிறார்கள். அது அவர்கள் உரிமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கார்டு அதைப் பெற்றவரின் சட்டைப்பையில் இருப்பது. அவர் போகும்போது கூடவே போய்விடும். பிரிவுக்குள் ஊன்றிய பழக்கமோ, புதிதாக வருபவர் வந்த வாரமே கூடவே செய்து கற்றுக்கொள்ளும்படி அங்கேயே இருக்கும். ஒரே தொகையை இரண்டிலும் போட்டு, ஓராண்டு கழித்து எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் விடை சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிகிறது.

எங்கள் டிரில் நடக்கும் விதம் எளிது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில், இரு ஷிஃப்ட் ஆட்களும் இருக்கும்போது, காலியாக உள்ள கட்டிலில் பொம்மையைக் கிடத்தி ஒரு நோயாளியின் கதையைச் சொல்கிறோம். தவறு நேர்ந்த கணத்திலேயே நிறுத்தி, திருத்தி, சில நொடிகள் பின்னால் போய் அதே கட்டத்தை மறுபடி செய்ய வைக்கிறோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலிசபெத் ஹன்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014இல் விவரித்த முறை இது. கடைசியில் உட்கார்ந்து நீண்ட உரை கேட்பதைவிட, சரியாகச் செய்த அனுபவத்துடன் ஒவ்வொருவரும் எழுந்து போவது இதன் நோக்கம்.

இதன் உண்மையான பயனை ஆர்கனோபாஸ்பரஸ் (பூச்சிமருந்து நஞ்சு) டிரில் ஒன்றில் கண்டோம். பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு முறிமருந்தான அட்ரோபினை 1.8 மில்லிகிராமில் தொடங்கி, நுரையீரலில் ஈரம் வற்றும் வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். நம்மிடம் வழக்கமாகக் கிடைக்கும் ஆம்பூல் (சிறு மருந்துக் குப்பி) 0.6 மில்லிகிராம். அப்படியானால் முதலில் 3, பிறகு 6, பிறகு 12, பிறகு 24. கால் மணி நேரத்துக்குள் 45 ஆம்பூல்களை ஒடித்து, உறிஞ்சி, ஏற்ற வேண்டும். காலி ஆம்பூல்களை வைத்துச் செய்து பார்த்தபோது, ஒரே செவிலியரால் மூன்றாவது சுற்றைத் தாண்ட முடியாது என்பதும், அவசர மருந்து வண்டியான கிராஷ் கார்ட்டில் அவ்வளவு ஆம்பூல்களே இல்லை என்பதும் அங்கேயே புலப்பட்டன. இப்போது நச்சு நோயாளி வந்தால் ஆம்பூல் ஒடிப்பதற்கென்றே ஓர் ஆள் நிற்கிறார். பாம்புக்கடிக்கும் இதே கதை: 20 நிமிட இரத்த உறைதல் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய் தேவை; எங்கள் டிராயரில் இருந்தவை அனைத்தும் பிளாஸ்டிக். எந்த வகுப்பறையும் எங்கள் டிராயரைத் திறந்து காட்டியிருக்காது.

நம் ஊர் நோய்களும் இந்தப் பக்கமே சாய்க்கின்றன. தரையில் படுத்துறங்கியவர் விடியற்காலை வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணிமை தொங்கி, கடித்த தடமே தெரியாமல் வரும் கட்டுவிரியன் கடியை ஏ.சி.எல்.எஸ். பாடத்தில் எதிர்பார்க்க முடியாது. மஞ்சள் அரளி விதை நஞ்சும் அப்படியே. அதற்கு, நஞ்சை உறிஞ்சும் கரித்தூளை மீண்டும் மீண்டும் கொடுப்பது இறப்பைக் குறைக்கிறது என்று அநுராதபுரத்தில் நடந்த ஆய்வு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அரளி, பூச்சிமருந்து உள்ளிட்ட நஞ்சுகளை உட்கொண்ட 4,600க்கும் மேற்பட்டவர்களிடம் இலங்கை மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வு, அப்படியொரு வேறுபாடு இல்லை என்று 2008இல் அதே இதழில் கூறியது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் விவாதித்ததில் எங்கள் இளம் மருத்துவர்கள் கற்றது, மாநாட்டு மேடையில் கேட்டதைவிட அதிகம் என்றே கருதுகிறேன்.

ஒலிப்பதிவுகளையும் இலவச இணையப் பாடங்களையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஈ.எம்.ராப் போன்ற சந்தா நிகழ்ச்சிகளும், ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேனும் சிறந்தவை; இ.சி.ஜி. படிக்கக் கற்பதற்குப் பின்னதைவிட நல்ல இலவச இடத்தை நான் பார்த்ததில்லை. பேருந்துப் பயணத்தில் கேட்கலாம். அறிவைப் புதுப்பிக்கும், கையைப் புதுப்பிக்காது. ஆகவே அவற்றுக்குச் சிறு தொகை, அதுவும் விரும்பிக் கேட்பவர்களுக்கு மட்டும்.

டிரில் தோற்கும் இடங்களும் உண்டு. கூட்டம் அதிகமான நாளில் முதலில் கைவிடப்படுவது அதுதான். மூத்த மருத்துவர்கள் செவிலியர் முன்னிலையில் திருத்தப்படுவதை விரும்புவதில்லை. அவர்களை வரவழைப்பதற்கே தனிச் சாமர்த்தியம் வேண்டும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, வெளியாள் எவரும் பார்க்காத இடத்தில் தவறான வழக்கமே சட்டமாகிவிடுவது. 2010இல் இதயம் நின்றவர்களுக்கான வழிகாட்டுதல் மாறி, மூச்சுப்பாதைக்கு முன் மார்பழுத்தம் என்று வரிசையே தலைகீழானது. அப்படியொரு மாற்றம் வரும்போது உள்ளுக்குள்ளேயே பயிற்சி செய்துகொண்டிருப்பவர்கள் கடைசியாகத்தான் அறிவார்கள். இதற்காகத்தான் டிரில் நடத்தும் இருவரை மட்டும் ஏ.சி.எல்.எஸ். புதுப்பிப்புக்குத் தவறாமல் அனுப்புகிறோம். திரும்பி வந்ததும் மாறியவற்றைப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

விபத்துக் காயங்களிலும் குழந்தைகளின் அவசர நிலைகளிலும் என் தீர்ப்புக்கு அதிக எடை தர வேண்டாம். பெருங்காயம் பட்டவர்களில் பலர் எங்களைத் தாண்டி அரசு மருத்துவமனையில் விபத்து, அவசர சிகிச்சைக்கென உள்ள டி.ஏ.இ.ஐ. பிரிவுக்கே செல்கிறார்கள், குழந்தைகள் வருவதோ மிகக் குறைவு. விபத்து நோயாளிகள் தினமும் வரும் பிரிவு ஏ.டி.எல்.எஸ்.சுக்கு எங்களைவிடப் பெரிய பங்கை ஒதுக்குவது நியாயமாகவே இருக்கலாம். வெளிநாடு செல்லத் திட்டமிடும் இளம் மருத்துவர் என் வாதங்களைப் பொருட்படுத்தாமல் கார்டையே வாங்கட்டும். விண்ணப்பத்தில் எங்கள் டிரில் எந்தக் கட்டத்திலும் நிரப்பக்கூடியது அன்று. இரண்டு மருத்துவர்கள் மட்டுமே உள்ள சிறு நர்சிங் ஹோமில் டிரில் நடத்த ஆள் இல்லாமல் போகலாம். அவர்கள் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையோடு பேசி, மாதம் ஒருமுறை ஒரு செவிலியரை அங்கு அனுப்பிப் பார்க்கலாம். எங்களிடம் அப்படிக் கேட்டவர்களை நாங்கள் மறுத்ததில்லை.