நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர்: கேட் பட்டறையில் நீண்ட காலம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

கேட், கிரில், படிக்கட்டுக் கைப்பிடி, தைப்பூசம் நெருங்கினால் காவடிச் சட்டம். பினாங்கில் பிறை, பட்டர்வொர்த் வட்டாரப் பட்டறைகளில் இத்தனை வேலைக்கும் கை முதலில் போவது 4 அங்குல ஆங்கிள் கிரைண்டருக்குத்தான், அதாவது சுழலும் டிஸ்க்கால் இரும்பை வெட்டவும் தேய்க்கவும் உதவும் கைமெஷினுக்கு. இங்கே சொல்வதெல்லாம் 710 வாட், நிமிடத்துக்கு 11,000 சுற்று, 16 மி.மீ. துளை உள்ள 100 மி.மீ. டிஸ்க் போடும் மெஷினைப் பற்றி. இந்த வகையை வருடக்கணக்கில் தினமும் ஓட்டியதில் எங்களுக்குப் பட்டது இதுதான்: நல்ல பெயருள்ள மெஷின் எதுவாக இருந்தாலும் உழைக்கும். விரலும் கண்ணும் தப்புவது டிஸ்க்கையும், அதை மூடி நிற்கும் காப்பு மூடியான கார்டையும் பொறுத்தது. கடையில் மெஷினைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் நிற்பவர்கள், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் டிஸ்க்கைத் தேதிகூடப் பார்க்காமல் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

சக்தியை முதலில் முடித்துவிடலாம். 1.2 முதல் 2 மி.மீ. சுவர் உள்ள ஹாலோ (உள்ளே வெற்றான இரும்புக் குழாய்), சின்ன ஆங்கிள், பிளாட் பார், இவற்றுக்கு 700 வாட் தாராளம். நாள் முழுக்க வெல்டிங் தேய்ப்பு மட்டுமே என்றால் 900 வாட் எடுங்கள். 710 வாட் மெஷின் சீக்கிரம் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தம். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி மோட்டாரின் அச்சிலேயே இருக்கிறது. மேலே சாய்ந்து அழுத்தினால் வேகம் குறையும், காற்றும் குறையும், சூடு மட்டும் ஏறும். பிறகு ஆர்மெச்சர் (மோட்டாரின் சுழலும் சுருள்) வார்னிஷ் கருகும் வாடை வரும். காது சொல்வதைக் கேளுங்கள்: சத்தம் கனத்து இறங்கினால் கையைத் தளர்த்த வேண்டும். நல்ல டிஸ்க்குக்கு மெஷினின் சொந்த எடையும் லேசான தள்ளலும் போதும்.

சுவிட்ச் விஷயத்தில் எங்கள் ஓட்டு, அடியில் அழுத்திப் பிடிக்கும் நீளப் பட்டை சுவிட்ச்சுக்குத்தான். கை விட்டால் மின்சாரம் நிற்கும். தள்ளிப் பூட்டும் ஸ்லைடு சுவிட்ச் கைக்கு வசதி. ஆனால் வேலை நடுவே கரண்ட் போய், ஆள் மெஷினைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து, திரும்பக் கரண்ட் வந்தால் அது தரையில் தானாக ஓட ஆரம்பிக்கும். ஸ்லைடு சுவிட்ச் வைத்திருப்பவர்கள் பிளக்கைச் செருகுவதற்கு முன் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மின்சாரம் மீண்டு வந்தாலும் தானாக ஓடாத பாதுகாப்புள்ள மாடல் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கலாம்.

இனி டிஸ்க். 100 மி.மீ. டிஸ்க் 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு வினாடிக்கு 57 மீட்டருக்கு மேல் போகிறது, அதாவது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி. உடைந்த துண்டு அந்த வேகத்தில்தான் வரும். ரெசின் டிஸ்க்கின் லேபிளில் 80 மீ/வினாடி என்றும், 15,200 அல்லது 15,300 சுற்று என்றும் போட்டிருக்கும். அந்தச் சுற்று எண் மெஷினில் உள்ள சுற்று எண்ணைவிடக் குறைவாக இருந்தால் அந்த டிஸ்க் இந்த மெஷினுக்கு இல்லை.

நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். அதில் மாதமும் வருடமும் அச்சடித்திருக்கும். அது காலாவதித் தேதி, வழக்கமாகத் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு. துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் ஈரத்தில் பலம் இழக்கும், நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குக் குறைவே இல்லை. டிஸ்க்கை லாரி பின்பக்கத்திலோ, ஒழுகும் கூரைக்கு அடியிலோ, சிமெண்ட் தரையிலோ போட்டு வைக்காதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், படுக்கை வாட்டில் அடுக்கி, சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்று போட்டு வைத்தால் போதும். நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துகிறார்கள். காய்ந்தாலும் போன பலம் திரும்பாது, குப்பையில் போடுங்கள். பழைய ஆட்கள் டிஸ்க்கைத் தட்டி ஓசை கேட்பார்கள். பெஞ்ச் கிரைண்டரின் கல்லுக்கு அந்தச் சோதனை சரி, நார்வலை வைத்த ரெசின் டிஸ்க்குக்கு அதை நம்ப முடியாது. விளிம்பு பெயர்ந்திருக்கிறதா, வலை தெரிகிறதா, வளைந்திருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கட்டிங் டிஸ்க் 1.0 அல்லது 1.2 மி.மீ., கிரைண்டிங் டிஸ்க் 6 மி.மீ. மெல்லிய கட்டிங் டிஸ்க்கின் பக்கவாட்டில் வைத்துப் பிசிறு தேய்ப்பது பட்டறைகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. அந்த டிஸ்க் விளிம்பில் வரும் விசையைத் தாங்கவே செய்யப்பட்டது. பக்கவாட்டில் தேய்த்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது, அடுத்த வெட்டில் சிதறும். டிஸ்க் மாற்றச் சோம்பலாக இருந்தால் இரண்டு மெஷின் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் கட்டிங், மற்றதில் ஃப்ளாப் (உப்புத்தாள் இதழ்களை அடுக்கி ஒட்டிய தேய்ப்பு டிஸ்க்).

மாட்டும் முறையில் அவசரம் வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை அணைத்தது கணக்கில் சேராது. டிஸ்க் உட்காரும் வட்டத் தட்டான உள் ஃப்ளேஞ்சைத் துடைத்து உட்கார வையுங்கள். அதன் 16 மி.மீ. மேட்டில் டிஸ்க்கின் துளை ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும். வெளி நட்டுக்கு இரண்டு முகம் உண்டு. பெரும்பாலான மெஷின்களில் தடித்த டிஸ்க்குக்கு மேடான முகம் உள்ளே, மெல்லிய கட்டிங் டிஸ்க்குக்குத் தட்டை முகம் உள்ளே. மாற்றிப் போட்டால் மெல்லிய டிஸ்க் சரியாக இறுகாமல் நழுவும். ஸ்பேனரால் மிதமாக இறுக்கினால் போதும், ஓடும்போது தானே இறுகிக்கொள்ளும். அச்சைச் சுற்றாமல் பூட்டும் ஸ்பிண்டில் லாக் பட்டனை டிஸ்க் முழுதாக நின்ற பிறகுதான் தொட வேண்டும். சுற்றும்போது அழுத்தினால் அதன் முள்ளும், பல்சக்கரங்கள் உள்ள முன் பகுதியான கியர் ஹெட்டும் சேர்ந்து போய்விடும். புது டிஸ்க் போட்டதும் ஆட்கள் இல்லாத பக்கம் காட்டி ஒரு நிமிடம் சும்மா ஓட விடுங்கள். அதிர்வு கையில் தெரிந்தால் நிறுத்திக் கழற்றுங்கள்.

கார்டைப் பற்றி நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. இங்கே கார்டைக் கழற்றுவதற்கு முக்கியக் காரணம், 4 அங்குல மெஷினில் 5 அங்குல டிஸ்க் போட்டு ஆழமாக வெட்டும் ஆசை. வேகக் கணக்கில் 125 மி.மீ. டிஸ்க் 11,000 சுற்றில் 72 மீட்டர்தான் வரும், 80-க்கு உள்ளே என்று வாதிடுவார்கள். கணக்கு சரி. ஆனால் அதன் துளை 22.23 மி.மீ., நம் ஃப்ளேஞ்ச் 16 மி.மீ. மையம் விலகினாலே அதிர்வு வரும், அந்த அதிர்வில் டிஸ்க் பிளக்கும், பிளக்கும்போது தடுக்க கார்டும் இருக்காது. 7 அங்குல டிஸ்க்கின் தேய்ந்த மிச்சத்தை மாட்டுவது வேறு வகை ஆபத்து. புதிதாக 180 மி.மீ. இருக்கும்போது அது 8,500 சுற்று வரைக்கும்தான். முழு அளவில் இந்த மெஷினில் ஓட்டினால் வினாடிக்கு 103 மீட்டரைத் தாண்டும். மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டவே கூடாது. பல் மரத்தில் கவ்வினால் மெஷின் தொடைக்கோ கழுத்துக்கோ திரும்புவதற்கு முன் கையால் எதுவும் செய்ய முடியாது. வெட்டு வேலைக்கு இரு பக்கமும் மூடிய கட்டிங் கார்டு தனியாக விற்கிறார்கள், மெஷினோடு வருவது தேய்ப்புக்கான ஒரு பக்கக் கார்டு. நிறையக் கட்டிங் செய்பவர்கள் அதை வாங்கிப் போடுங்கள். மூடிய பக்கம் எப்போதும் உங்கள் உடம்பைப் பார்த்திருக்க வேண்டும்.

மெஷின் உதைப்பது ஏன் என்று புரிந்தால் பாதி விபத்து குறையும். ஒன்றரை அங்குல சதுர ஹாலோவை இரண்டு ஸ்டூலுக்கு நடுவே பாலம் மாதிரி வைத்து நடுவில் வெட்டுகிறார்கள். வெட்டு ஆழமாக ஆக, குழாய் தன் எடையில் கீழே வளையும், வெட்டின் வாய் மேலே மூடும், டிஸ்க்கை இருபுறமும் நெரிக்கும். டிஸ்க் நின்றுபோக, அந்த வேகம் மொத்தமும் மெஷின் உடம்புக்குத் திரும்பும். வெட்டும் இடத்துக்கு ஒரு பக்கம் மட்டும் வைஸில் இறுக்கி, மறுபக்கத்துத் துண்டைத் தொங்கவிடுங்கள். வெட்டு கீழே போகப் போக வாய் திறக்கும், நெரிக்காது. நீளமான துண்டானால் அதைத் தாங்கியும் வைக்க வேண்டும், அந்தத் தாங்கல் துண்டை மேலே தூக்கிவிடாத உயரத்தில் இருக்கட்டும். சதுரக் குழாயில் மூலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு முகமாகத் திருப்பி வெட்டினால் டிஸ்க் தொடும் பரப்பு குறைவாக இருக்கும், டிஸ்க்கும் மிச்சம், கோடும் நேர். வெட்டுக்குள் டிஸ்க் இருக்கும்போது மெஷினை ஆன் செய்யாதீர்கள், முழு வேகம் வந்த பிறகு இறக்குங்கள். கியர் ஹெட்டில் உள்ள அம்புக்குறி சுழலும் திசை. டிஸ்க் தானே முன்னே இழுத்து ஓடும் திசையில் போகாமல், அதை எதிர்த்துத் தள்ளும் திசையில் நகர்த்த வேண்டும். டிஸ்க்கின் நேர்கோட்டில் முகமோ வயிறோ இருக்கக் கூடாது, ஒரு பக்கம் தள்ளி நில்லுங்கள். சைடு ஹேண்டில் இல்லாமல் ஒரு கையில் பிடிப்பவருக்கு இதில் எதுவும் உதவாது.

தேய்ப்பில் கோணம்தான் வேலை. கிரைண்டிங் டிஸ்க் 15 முதல் 30 டிகிரி, ஃப்ளாப் டிஸ்க் 5 முதல் 15 டிகிரி. வெல்டிங் மேட்டை 6 மி.மீ. டிஸ்க்கால் முழுதாகச் சமமாக்கப் போனால் பள்ளம் விழும். சற்று மேடாக நிறுத்தி, 60 எண் (எண் ஏற ஏறத் துகள் நைசாகும்) ஃப்ளாப்பில் சமன் செய்து, 120-ல் முடித்தால் பெயிண்ட்டுக்கு அடியில் எதுவும் தெரியாது. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு இரும்பு கலக்காத தனி டிஸ்க் வையுங்கள். சாதா இரும்பில் ஓடிய டிஸ்க்கை அதில் வைத்தால் இரும்புத் துகள் ஒட்டி, சில நாளில் துருப்புள்ளி வரும், கடல் காற்று உள்ள இடத்தில் இன்னும் சீக்கிரம். விளிம்பு நீலமாக மாறினால் சூடு அதிகம்.

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் காவடிகளுக்கு அலுமினியம் நிறையப் பயன்படுகிறது, அதில் இரண்டு எச்சரிக்கை. சாதாரணக் கிரைண்டிங் டிஸ்க்கில் அலுமினியம் உருகி அப்பிக்கொள்ளும். அப்பிய டிஸ்க் சூடேறி உடையலாம், அதனால் அலுமினியத்துக்கென்றே விற்கும் டிஸ்க்கைத்தான் போட வேண்டும். அடுத்து, அலுமினியத் தூள் கிடக்கும் மேசையில் இரும்பைத் தேய்க்காதீர்கள். துரு கலந்த அலுமினியத் தூள் பொறி பட்டால் கடுமையாக எரியும், பெருக்கித் துடைத்த பிறகே அடுத்த வேலை. காவடியில் தோளிலும் இடுப்பிலும் உட்காரும் பட்டையின் விளிம்பு மணிக்கணக்கில் வெறும் உடம்பில் உராயும். வெளி விளிம்பை 80, பிறகு 120 ஃப்ளாப்பில் உருட்டி, உள் விளிம்பை அரைவட்ட அரத்தால் எடுங்கள். முடித்த பின் ஒரு துண்டுப் பஞ்சை விளிம்பு முழுக்க ஓட்டிப் பாருங்கள். விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடத்திலும் பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது.

வரிசை வீடுகளில் கிரில் மாற்றப் போகும்போது பொறி எங்கே விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கார் கண்ணாடியில் விழுந்த பொறி உருகிப் பதிந்துவிடும், தேய்த்தால் போகாது. பெயிண்ட்டில் ஒட்டிய துகள் துருப்பிடித்து ஊறும். ஜன்னல் கண்ணாடி, டைல்ஸ் எல்லாம் இதே கதைதான். தீப்பிடிக்காத வெல்டிங் துணியைத் தொங்கவிட்டு, கார்டைத் திருப்பிப் பொறியைத் தரைக்கு விடுங்கள். அட்டைப்பெட்டி, தின்னர் டப்பா, கேஸ் தோம்பு எல்லாம் தூரத்தில் இருக்கட்டும். முடித்த பிறகு அரை மணி நேரமாவது இருந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கண்ணுக்குச் சாதாரணக் கண்ணாடி போதாது. பக்கம் மூடிய காகிள்ஸ், அதன் மேல் முக ஷீல்டு. வேலை முடிந்து காகிள்ஸைக் கழற்றும் முன் தலைமுடியையும் புருவத்தையும் தட்டிவிடுங்கள், பல பேருக்குத் துகள் விழுவது அந்த நேரத்தில்தான். விழுந்துவிட்டால் கசக்காதீர்கள், காந்தமும் பஞ்சும் வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும், இரும்புத் துகள் கருவிழியில் துரு வளையம் விடும். கைலி, தளர்ந்த சட்டைக்கை, நூல் கையுறை கூடாது. கையில் கட்டிய காப்புக் கயிறும் கழுத்துச் செயினும் உள்ளே போகட்டும். கையுறை வேண்டுமென்றால் கைக்கு இறுகிய தோல் கையுறை. சிலிப்பரோடு இந்த மெஷினைத் தொடாதீர்கள். காதடைப்பும் வேண்டும். மலேசியாவின் 2019 ஒலி விதிகளின் தினசரி வரம்பு 85 டெசிபெல், தேய்க்கும் கிரைண்டர் அதைச் சுலபமாகத் தாண்டும். 2024 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் சின்னப் பட்டறைக்கும் பொருந்தும், ஆளை வைத்து வேலை வாங்குபவர் இதையெல்லாம் வாங்கித் தரக் கடமைப்பட்டவர்.

மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் கருவி) இருக்கும் சாக்கெட்டிலிருந்து எடுங்கள். பல வீடுகளில் மெயினில் இருக்கும் 100 மில்லி ஆம்பியர், கையில் பிடிக்கும் கருவிக்குக் காவல் அல்ல. வெளிவேலைக்கு 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் நல்ல முதலீடு. 1.5 சதுர மி.மீ. கேபிள், சுருளை முழுதாக அவிழ்த்துத்தான் ஓட்ட வேண்டும், சுற்றியபடி ஓட்டினால் உள்ளே சூடேறும். 710 வாட் மெஷின் 3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், பிளக்கில் 5 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். மழை நனைத்த தரையில் வேலையே வேண்டாம்.

நாள்படத் தேய்பவை எதிர்பார்த்தபடிதான் தேய்கின்றன. பின்பக்கம் கேபிள் நுழையும் இடம் முதலில் வெடிக்கும். டேப் சுற்றாமல், வெடித்த பகுதியை வெட்டிவிட்டு ரப்பர் உறைக் கேபிளாகவே மாற்றுங்கள். கார்பன் பிரஷ் (சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) 5, 6 மி.மீ. நீளத்துக்கு வந்ததும் ஜோடியாக மாற்ற வேண்டும், மாற்றியதும் பத்து நிமிடம் சுமையில்லாமல் ஓட்டிப் பதிய விடுங்கள். புது பிரஷ் போட்டும், அது உராயும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாகத் தீ ஓடினால் ஆர்மெச்சர் போய்விட்டது. அணைத்தும் இன்னும் முழுதாக நிற்காத மெஷினை இரும்புத்தூள் கிடக்கும் தரையில் வைத்தால் விசிறி அந்தத் தூளை உறிஞ்சி உள்ளே சுருளின் மேல் வீசும். வாரம் ஒரு முறை, காகிள்ஸ் போட்டுக்கொண்டு, மெஷினைச் சும்மா ஓடவிட்டுப் பின் துவாரங்களில் காற்றடியுங்கள். சத்தம் கரகரப்பாக மாறினால் பேரிங். அதை மாற்றும்போதே கியர் ஹெட்டின் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் போட்டுவிடலாம். பேரிங், பிரஷ், கேபிள் வரைக்கும் சரி செய்வது லாபம். ஆர்மெச்சரும், அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஃபீல்டு சுருளும் ஒன்றாகப் போனால், உதிரிபாக விலையையும் கூலியையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் புது மெஷின் வாங்குவதே சரி.