உருண்டை ஜென்: இன்றும் வாங்கலாம், ஆனால் பார்த்து வாங்குங்கள்

மாருதி ஜென் என்றதும் இப்போது பலருக்கு எஸ்டிலோதான் ஞாபகம் வருகிறது. அது வேறு வண்டி, பெயர் மட்டும்தான் ஒன்று. நான் சொல்வது 1993ல் வந்து 2006 வரை விற்ற உருண்டை ஜென். என்னுடையது 2001 மாடல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை ஊசிமூலம் பீய்ச்சும் வகை). பொள்ளாச்சியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் வாங்கியது. வீட்டில் புது எஸ்யூவி ஒன்றும் நிற்கிறது. ஆனாலும் வால்பாறைக்குத் தனியாகக் கிளம்பினால் நான் எடுப்பது ஜென் சாவியைத்தான்.

காரணம், கண்ணாடி. கதவுக் கண்ணாடி நம் தோளுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது, டேஷ்போர்டு தாழ்ந்து கிடக்கிறது, முன் கண்ணாடியின் இரண்டு ஓரத்துத் தூண்களும் மெலிசு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். வலப்பக்கம் திரும்பும் வளைவில், மேலே பஸ் வருகிறதா என்று பார்க்க எஸ்யூவியில் ஸ்டியரிங் மேல் சாய்ந்து, தூணைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜெனில் தலையைத் திருப்பினால் போதும். வண்டி மூன்றரை மீட்டர் நீளம்தான், நாலு மூலையும் எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். இன்றைய வண்டிகளில் தூண் தடிப்பதற்கு நியாயமான காரணம் உண்டு: உருண்டால் கூரை நசுங்கக்கூடாது, உள்ளே ஏர்பேக் வைக்க வேண்டும். ஜன்னல் விளிம்பை உயர்த்தி, பின் கண்ணாடியைக் கீற்றாகக் குறுக்குவதற்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. அது வெறும் தோற்றத்துக்காக. அந்தத் தோற்றத்துக்கு விலையாகப் பார்வையைக் கொடுத்துவிட்டு, அப்புறம் கேமரா வைத்து விற்கிறார்கள்.

தொடுதிரையும் அப்படித்தான். ஃபேன் வேகத்தைக் குறைக்க நான் ஏன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டும்? ஜெனில் கை தடவினாலே எது எது என்று தெரிந்துவிடும். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ லீவரோ இல்லாத காருக்கு முழு மதிப்பெண் தருவதில்லை என்று முடிவெடுத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

இன்ஜின் 993 சிசி, நாலு சிலிண்டர், அலுமினியம். வண்டியின் எடை 800 கிலோவுக்கும் கீழே. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது இழுவை குறைவுதான். செகண்ட் கியரில் போட்டு நன்றாக மிதித்தால் சத்தம் மாறும், அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு ஏறும். ஏற்றத்தில் ஏசி போடாதீர்கள், மூச்சு வாங்கும். அட்டகட்டி தாண்டியதும் ஜன்னலை இறக்கினால் ஏசி எதற்கு?

குறைகளைச் சொல்லாவிட்டால் விமர்சனம் ஆகாது. பின் சீட்டில் உயரமானவர்கள் முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். டிக்கியில் இரண்டு பைக்கு மேல் வைப்பது சிரமம். என் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. அதனால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாலு வழிச் சாலையில் நான் இதை ஓட்டுவதில்லை. அந்த வேகத்துக்கான வண்டி இது இல்லை.

பராமரிப்பு சுகம். என் மெக்கானிக் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் தலையில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். "மூணாவது சிலிண்டர் டேப்பெட் கொஞ்சம் லூசுங்ண்ணா" என்பார். டேப்பெட் என்பது வால்வைத் திறக்கும் பாகம்; கவரைக் கழற்றி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் அதேதான். ஃபில்டர், கிளச், பிரேக் ஷூ எல்லாம் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. கதவோர ரப்பர் பீடிங், டெயில் லேம்ப் மாதிரி சாமான்கள்தான் அலைய வைக்கும். சென்னைப் புதுப்பேட்டைப் பக்கம் ஆள் சொல்லி வைத்தால் வரும்.

செலவு ஆர்.டி.ஓ.வில்தான். 15 வயது தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 20 வயது தாண்டியவற்றுக்கு 2025ல் 10,000. ஒழுங்காகப் பராமரித்த வண்டியின் வயதை மட்டும் பார்த்துப் பணம் கேட்பது எனக்கு உடன்பாடில்லை. புகையையும் பிரேக்கையும் சோதித்து, அதில் தேறாததை ஓரங்கட்டட்டும்.

வாங்குபவர்கள் முதலில் ஆர்.சி. எதுவரை செல்லும் என்று பாருங்கள். அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையையும், பானெட்டுக்குள் சஸ்பென்ஷன் மேல்பகுதி உட்காரும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புது பெயின்ட் வாசம் வந்தால் துருவை மறைத்திருக்கலாம், விட்டுவிடுங்கள். 2003ல் முன்பக்கத் தோற்றத்தை மாற்றினார்கள்; அதற்கு முந்தைய முகம்தான் அழகு. டீசல் ஜென் மலிவாக வந்தாலும் வேண்டாம். அதில் இருப்பது பெஜோவின் 1.5 லிட்டர் இன்ஜின், அதற்குச் சாமான் தேடிக் கட்டுப்படியாகாது.