1000-ஆ, 1024-ஆ? டிஸ்க் கணக்கில் இரண்டு வழக்கு

1 டிபி ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் 931 ஜிபி என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அளக்கிற படிதான் வேறு.

டிஸ்க் தயாரிப்பாளர்களுக்கு மெட்ரிக் கணக்கு: கிலோ என்றால் 1000, டெரா என்றால் லட்சம் கோடி. விண்டோஸ் அந்த லட்சம் கோடி பைட்டை 1024-ஆல் மூன்று முறை வகுத்துவிட்டு, அதற்கும் ஜிபி என்றே பெயர் போடுகிறது. கிலோ அளவில் வித்தியாசம் 2.4 சதவீதம்தான். ஜிகாவில் 7 சதவீதம் சொச்சம் (அதனால்தான் 931), டெராவுக்கு வரும்போது ஏறக்குறைய 10 சதவீதம்.

1024 சும்மா வந்ததல்ல. கணினியின் தற்காலிக நினைவகமான ரேமின் முகவரிகள் இரண்டின் அடுக்குகளாகப் (2, 4, 8 … 1024) பெருகுகின்றன. 8 ஜிபி ரேம் என்றால் அங்கே 1024 கணக்குதான் பொருந்தும். டிஸ்க்குக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை.

சண்டையைத் தீர்க்க 1998-இல் ஐஇசி என்ற சர்வதேச மின்னணுத் தர அமைப்பு 1024 வழிக்கு கிபிபைட், மெபிபைட் என்று தனிப்பெயர் கொடுத்தது. லினக்ஸ் பக்கம் இவை தென்படும். கடையில் கேட்டுப் பாருங்கள், ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்! ஆப்பிள் 2009-இல் மேக்கை 1000 கணக்குக்கு மாற்றிவிட்டது. அதே டிஸ்க் அங்கே 1 டிபிதான். என் ஓட்டு இதற்கே: டிஸ்க்குக்கு 1000, ரேமுக்கு 1024.

விண்டோஸ்காரர்கள் அட்டையில் போட்ட ஜிபியை 0.93-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். 500 என்றால் 465.