பித்தளை அஸ்ட்ரோலேப் நகல்: அழகு முழுதாக, தட்டு ஒன்றே ஒன்று

15 செ.மீ. விட்டம், நல்ல கனம். 17ஆம் நூற்றாண்டு ஈரானியக் கருவியைப் பார்த்துச் செய்த நகல் இது. பாக்தாத், ஸ்பெயினின் தொலேதோ, ஈரானின் இஸ்பஹான் வானியலாளர்கள் சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளந்து நேரமும் தொழுகை வேளையும் கணித்த கருவி அல்லவா, சுவரில் மாட்ட மட்டும் இருந்தால் போதாது.

பின்பக்கம் நன்றாக இருக்கிறது. வளையத்தில் தொங்கவிட்டு, குறிகோலின் (இரு பக்கமும் துளையுள்ள சுழலும் சட்டம்) ஒரு துளை வழியே வரும் வெயில் மறு துளையில் விழும்வரை திருப்பினால் சூரியனின் உயரம் பாகையில் கிடைக்கும். சூரியனைக் கண்ணால் பார்க்கக் கூடாது. குறிகோல் தளர்ந்தால் நடு ஆணியின் ஆப்பை இறுக்கினால் போதும். அந்த ஆப்புக்கு அரபியில் 'ஃபரஸ்', அதாவது குதிரை என்று பெயர். இதிலும் குதிரைத் தலையாகவே செதுக்கியிருக்கிறார்கள், அருமை!

கோளாறு முன்பக்கத்தில். ஊரின் வானத்துக்கேற்ற கோடுகள் பொறித்த உள்தட்டு ஓர் அட்சரேகைக்கு மட்டுமே பொருந்தும். இதில் உள்ள அப்ஜத் எழுத்துகள் (எண்களாகப் பயன்படும் அரபி எழுத்துகள்) லாம், பே, மீம்: 30, 2, 40. அதாவது 32 பாகை 40 கலை (60 கலை ஒரு பாகை), இஸ்பஹானுக்கு உரியது. சென்னைக்கு 13 பாகைத் தட்டு வேண்டும். மாற்றுத் தட்டு எதுவும் தரவில்லை.

தட்டின் மேல் சுழலும் விண்மீன் வலையும் (முக்கிய விண்மீன்களின் இடத்தைக் காட்டும் துளைத் தகடு) பழையதன் அப்படியே நகல். புவி அச்சின் மெதுவான சுழற்சியால் விண்மீன் நிலைகள் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகரும். ரோகிணியை வைத்து இரவில் நேரம் பார்த்தால் சுமார் 20 நிமிடம் பிசகும். பகலில் சூரியனை வைத்துப் பார்க்க இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் ஊர் அட்சரேகைக்குத் தட்டும், இன்றைய விண்மீன் நிலைக்கு வெட்டிய வலையும் தருவார்களா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.