ப்ளஸ் ஒன் இயற்பியலுக்கு மூடுல்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

மன்னார்குடி பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். மூடுல் (Moodle) என்பது இணையத்தில் பாடமும் டெஸ்டும் நடத்த உதவும் மென்பொருள். கொரோனா நேரத்தில் அவசரத்துக்கு ஆரம்பித்த அதைப் பள்ளி திறந்த பிறகும் விடவில்லை, வகுப்போடு சேர்த்தே நடத்துகிறேன். மென்பொருள் இலவசம், 2002-லிருந்து இருக்கிறது, ஆனால் செர்வருக்கு வாடகை உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள விவரமான ஓர் ஆளும் வேண்டும்.

வீடியோவும் பிடிஎஃப்பும் போட மட்டும்தான் என்றால் இது வேண்டவே வேண்டாம், வாட்ஸ்அப் குரூப் போதும். இதன் உயிர் கேள்வி வங்கியில், அதாவது நாம் எழுதிச் சேர்த்து வைக்கும் கேள்விகளில் இருக்கிறது. மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது முடுக்கம் எவ்வளவு என்று கேளுங்கள், திசைவேகம் சுழி, அதனால் முடுக்கமும் சுழி என்று நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே சொல்வார்கள். அந்தத் தவறான விடைக்கென்றே தனியாகப் பதில் எழுதி வைக்கலாம். 'இரண்டுமே சுழி என்றால் பந்து அங்கேயே நின்றிருக்குமே, ஏன் கீழே வருகிறது?' என்று எழுதியிருக்கிறேன். முந்தின நாள் இரவு எழுதிய டெஸ்டின் அறிக்கையைக் காலையில் திறந்தால் எந்தத் தப்பு விடையில் அதிகம் பேர் விழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், அன்றைய பாடத்தை அங்கிருந்துதான் தொடங்குவேன். இதற்காகவே மூடுலை விட மனசு வரவில்லை.

கணக்குக் கேள்விகளுக்கு, விடை எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று நாமே சொல்லலாம். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லுக்குப் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று போட்டால் 2 விநாடி, 9.8 என்று போட்டால் 2.02. வித்தியாசம் 0.05 வரை ஏற்கலாம் என்று வைத்தால் இருவருக்கும் மதிப்பெண். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண் வரும்படியும் கேள்வி அமைக்கலாம், அப்புறம் பார்த்து எழுத வழியில்லை.

எங்கள் பக்கம் பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவிடம். நடவு நேரத்தில் அவர் வயலிலிருந்து திரும்ப இருட்டிவிடும். ஆகவே டெஸ்டை மறுநாள் காலை வரை திறந்தே வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் செர்வர் படுத்துக்கொள்ளும் தொல்லையும் இதில் குறைந்தது. மூடுல் ஆப்பில் டெஸ்டை இறக்கிக்கொண்டு நெட் இல்லாமலே எழுதலாம், சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடலாம். அதற்கு ஆசிரியர் ஆஃப்லைன் அனுமதியைத் திறந்துவிட வேண்டும், நேர வரம்பு போடக் கூடாது, சரியா தப்பா என்பது முடித்து அனுப்பிய பிறகே தெரியும்படி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்கடி விடுமுறை விடுகிற டெல்டாவில் இது பெரிய உதவி.

குறை இல்லாமல் இல்லை. தமிழாக்கம் அரைகுறை, மெனுவில் பாதி ஆங்கிலமாகவே நிற்கிறது. ஒரு டெஸ்ட் வைக்க அத்தனை அமைப்புகளைத் தாண்டி வர வேண்டும், புதிதாக வரும் ஆசிரியர் மிரண்டுவிடுவார். சமன்பாடு தருவித்தலைப் படம் எடுத்து ஏற்றச் சொல்லித் திருத்துவது கண்ணுக்குக் கேடு. ப்ளஸ் டூ பொதுத்தேர்வு பேனாவில்தான், அதனால் அதை நோட்டிலேயே வாங்குகிறேன்.

இறங்கப் போகிறவர்கள் கேள்விகளை முதல் நாளிலிருந்தே பாடம் வாரியாகப் பிரித்து வையுங்கள். ஆண்டு முடிவில் மொத்தத்தையும் எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டால், மாறுதலில் எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருக்கும் மூடுலில் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம்.