ஹைட்ரோகார்டிசோனா, பிரெட்னிசோலோனா? அட்ரீனல் குறைபாட்டுக்கு எது தோது

சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியோ, அதை இயக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியோ செயலிழந்தவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை, உடம்பு தானே சுரக்க வேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோனுக்கு ஈடு. "ஸ்டீராய்டு கெடுதல்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எந்த மாத்திரை என்பதை மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசும்போது வீட்டு நிலவரத்தையும் சொல்லுங்கள்.

ஹைட்ரோகார்டிசோன் என்பது கார்டிசோலேதான். பெரியவர்களுக்கு நாளுக்கு 15 முதல் 25 மி.கி. உதாரணமாக, கண் விழித்ததும் 10, மதியம் 5, மாலை ஐந்து மணிக்குள் 2.5 அல்லது 5. ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் மதிய மாத்திரையை மறந்தால் மாலையில் சோர்வும் தலைசுற்றலும் வரும். மாலை மாத்திரையை இரவில் போட்டால் தூக்கம் கெடும். இரவு ஷிப்ட் பார்ப்பவர் எழுந்த நேரத்தையே காலையாகக் கொள்ளலாம். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதுவே முதல் தேர்வு.

பிரெட்னிசோலோன் 3 முதல் 5 மி.கி., பெரும்பாலும் காலையில் ஒரே வேளை. விலை குறைவு, சிற்றூர் மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரைக்கு அலைய வேண்டியிருந்தாலோ மதிய வேளை அடிக்கடி தவறினாலோ, ஒழுங்காகப் போடும் பிரெட்னிசோலோனே மேல் என்பது எங்கள் கருத்து. ஆனால் இதன் 5 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி.க்குச் சமம். "இருக்கட்டுமே" என்று கூடுதலாகப் போட்டுவந்தால் வருடங்கள் போகப்போக எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். உப்பைத் தக்கவைக்கும் வேலையும் இதில் குறைவு. அடிசன் நோயாளிக்கு (அட்ரீனல் சுரப்பியே பழுதானவர்) உப்பைக் காக்கும் மாத்திரையான ஃப்ளூட்ரோகார்டிசோன் அளவைக் கூட்ட நேரலாம். கார்டிசோல் ரத்தப் பரிசோதனையையும் இது குழப்பும், ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

டெக்ஸாமெத்தசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு வேண்டாம். அளவு கூடிப்போவது எளிது, உப்பைக் காக்கவே காக்காது.

காய்ச்சல் நாளில்தான் உண்மையான வித்தியாசம். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஹைட்ரோகார்டிசோன் இரட்டிப்பு, 39ஐத் தாண்டினால் மும்மடங்கு. தேறியதும் இரண்டு மூன்று நாளில் பழைய அளவு. பிரெட்னிசோலோன் என்றால் காலை 5, மாலை 5. மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி வந்தால் அதே அளவு மறுபடி. அதுவும் வெளியே வந்தால் காத்திருக்காதீர்கள்: பெரியவருக்கு 100 மி.கி. ஹைட்ரோகார்டிசோன் ஊசியை நடுத்தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பிரெட்னிசோலோன் எடுப்பவர் வீட்டிலும் இதே ஊசிதான் இருக்க வேண்டும்.

குப்பியில் "சோடியம் சக்சினேட்" என்று இருக்கிறதா பாருங்கள். மூட்டுக்குப் போடும் அசிடேட் வகை மெதுவாகத்தான் வேலை செய்யும், அவசரத்துக்கு உதவாது. பொடியை 2 மி.லி. ஊசிநீரில் முழுதும் கரைத்த பிறகே உறிஞ்ச வேண்டும். குப்பி, ஊசிநீர், சிரிஞ்சு மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கட்டும்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் இரண்டு மாத்திரைகளும் உடம்பில் வேகமாக அழியும். முதல் நாளே அளவைக் கூட்டுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.